கோவிந்தனுக்குத் தூக்கம் வந்த விதம்

1902, ஆவணி மாதம், செவ்வாய் இரவு.

தங்கக் கல்லை இடித்துப் பொடியாக்கும் மில் முந்தாநாள் பழுதாகி நின்றுவிட்டது. அன்று முதல் என் மகன் கோவிந்தனுக்குப் பகல் தூக்கம் இல்லை. ராத்திரி ஷிப்டுக்காரன். கண் சொக்கிக்கொண்டு சுரங்கத்தில் இறங்கினால் என்ன ஆகும்?

வீட்டுச் சத்தம்தான் காரணம் என்று நினைத்தேன். கோழிகளை விரட்டினேன். பேரன் வாயில் வெல்லத்தைத் திணித்தேன். கோவிந்தனோ கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

அந்த நேரம் பார்த்து மருமகள் முனியம்மா கேழ்வரகை உரலில் போட்டு இடிக்க ஆரம்பித்தாள்.

"இன்னாடி, அறிவில்ல உனக்கு? புருஷன் படுத்துனு கீறான்!"

"மில்லு சத்தம் இல்லாமதான் அவருக்குத் தூக்கம் வர்ல அத்த. உள்ள போய்ப் பாருங்க."

பார்த்தேன். குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்! அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் புரண்டான். உலக்கையை நான் பிடுங்கிக்கொண்டேன். பெற்றவள் கைக்கு வரும் தாளம் நேற்று வந்தவளுக்கு வருமா?

பக்கத்து வீட்டு ராஜம்மா ஒரு கூடை கேழ்வரகோடு ஓடிவந்தாள். "நிறுத்தாதீங்கக்கா. எங்க வூட்டுக்காரரும் இப்பத்தான் கண்ண மூடுனாரு."

சாயங்காலம் கோவிந்தன் தெளிந்த முகத்தோடு எழுந்தான். "மில்லு ஓட ஆரம்பிச்சிடுச்சாம்மா?" என்று கேட்டான்.

"நீ சாப்பிடுடா" என்றேன்.

மில் இன்னும் ஓடவில்லை. விடிந்ததும் வந்து படுப்பான். இடிக்க ஒரு மணி கேழ்வரகு மிச்சமில்லை. முனியம்மா என் தோளில் எண்ணெய் தேய்க்கிறாள், எழுத்து ஆடுகிறது. நாளைக்கு வெறும் உரலையே இடிக்கலாம் என்கிறாள். நல்ல யோசனைதான். நான் சொன்னதாக ராஜம்மாவிடம் சொல்லவேண்டும்.