மிஸிஸ் முலெங்கா சிரித்த இடம்

மாஸ்டர்,

டூங்கபி தமிழ் வாசகர் வட்டம் கடந்த ஞாயிறு ஒரு வரலாற்றுத் தீர்மானத்தை நிறைவேற்றியது. இனி நம் கூட்டங்களில் யாருக்கும் பொன்னாடை போர்த்துவதில்லை. நீண்ட விவாதம், நடுவில் தேநீர், ஒரு வெளிநடப்பு. வெளிநடப்புச் செய்தவர் காரை நகர்த்தி வைத்துவிட்டுத் திரும்பி வந்து ஆதரித்தார். இதற்கெல்லாம் காரணம் நீங்கள் என்பதால் உங்களுக்குத் தெரிவிப்பதுதான் முறை.

பிளாஸ்டிக் உறை பிரிக்காத பொன்னாடையைப் பார்த்தாலே எனக்கு உங்கள் குசினி மேசை ஞாபகம் வரும். உங்கள் வீட்டு அன்ரி அடுப்பில் நமக்குத் தேநீர் வைக்க, நீங்கள் எழுதிய நாவலை அத்தியாயம் அத்தியாயமாக அங்கேதான் வாசித்துக் காட்டினீர்கள். வடக்கு ஸாம்பியாவில், நீங்கள் கணக்குப் படிப்பித்தது போன்ற ஒரு கிராமப் பள்ளி. அரை மணி நேரம் பார்வையிட இங்கிலாந்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வருகிறார்கள். தலைமையாசிரியர் சன்டா அவர்களை மரியாதை செய்தே மாலைவரை எழுந்திருக்க விடாமல் உட்கார்த்தி வைக்கிறார். அவ்வளவுதான் கதை.

முதல் அத்தியாயத்தை வட்டத்தில் வாசித்தபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சன்டாவின் ஆங்கிலத்தைக் கேட்டு. திரும்பும்போது காரில் நீங்கள் அந்தத் தாள்களை மடித்துக் காலடியில் போட்டீர்கள்.

"சிரிச்சாங்களே மாஸ்டர், சந்தோஷப்படுங்க" என்றேன்.

"எங்கட சனம் பிழையான ஆளைப் பார்த்துச் சிரிக்குது, தம்பி. அந்த நாட்டு ஆள் ஒருத்தர் இதைக் கேட்டுச் சிரிக்கவேணும். இல்லாட்டி இது நாவல் இல்லை, துரைமாருக்கு நான் செய்த இன்னொரு எடுபிடி வேலை."

பிறகு நாவலிலிருந்து சன்டாவின் உடைந்த ஆங்கிலம் போனது. புதிதாக ஒரு தமிழ்க் கணக்கு வாத்தியார் வந்தார். துரைக்குப் போர்த்தப் பொன்னாடையோடு அவர் எழும்போதெல்லாம் இன்னொரு ஊர்ப் பெரியவர் வரவேற்புரையைத் தொடங்கிவிடுவார். வாத்தியார் காற்சட்டையின் இஸ்திரி மடிப்புக் கலையாமல் பகல் முழுக்க நின்றுகொண்டே இருப்பார். அது யார் என்று நான் கேட்கவில்லை. உங்கள் காற்சட்டையின் இஸ்திரி மடிப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

புத்தகப் பெட்டிகள் வருவதற்கு முந்தைய வாரம் நீங்கள் போய்விட்டீர்கள்.

வெளியீட்டுக்கு அன்ரி தன்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் கிரேஸ் முலெங்காவை அழைத்திருந்தார். இங்கே பக்கத்தில் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிறார். பிறந்தது அதே வடக்கு ஸாம்பியா. அவர் பக்கத்தில் நகரசபை உறுப்பினர், இங்கிலாந்தில் பிறந்தவர், கால் மணி நேரம் இருப்பதாகச் சொல்லி வந்தவர். குத்துவிளக்கு, மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, ஆய்வுரை, ஆய்வுரை மீது ஓர் உரை. உறுப்பினர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்.

கடைசியில் வட்டத் தலைவர் உறுப்பினருக்குப் போர்த்தப் பொன்னாடையோடு மேடையேறினார். "வாசிப்பு முடியட்டும் அண்ணை" என்றார் செயலாளர். தலைவர் இறங்கவில்லை. இரு கைகளிலும் விரித்துப் பிடித்தபடி அங்கேயே நின்றார். விருந்தினர்களுக்காக உங்கள் மகள் ஆங்கிலத்தில் வாசித்தாள். "கணக்கு வாத்தியார் இன்னும் பொன்னாடையோடு நின்றுகொண்டிருந்தார்" என்ற வரி வந்தது.

மிஸிஸ் முலெங்கா மேடையைப் பார்த்தார். அவர் சிரித்த சிரிப்பில் கதிரை பின்னால் சாய்ந்தது. என்ன என்று உறுப்பினர் கேட்டார், அவர் விரலை நீட்டிக் காட்டினார், உறுப்பினரும் சிரித்தார். பிறகு மண்டபம் முழுவதும். நம் சனம் தன்னையே பார்த்துச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன், மாஸ்டர்.

"அந்தத் தலைமையாசிரியர் அப்படியே எங்கள் மாமா. எல்லாம் தெரிந்தேதான் செய்வார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே அன்ரியிடம் சொன்னார் மிஸிஸ் முலெங்கா. மகள் வாசித்த பக்கங்களைத் தன் அண்ணனுக்கு அனுப்பக் கேட்டு வாங்கிப் போனார். வென்றுவிட்டீர்கள்.

இப்போது நான் எதை எழுதினாலும், மிஸிஸ் முலெங்கா முன்வரிசையில் இருந்தால் எந்த இடத்தில் சிரிப்பார் என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் தலைவரேதான். அவருடைய துணிவைப் பாராட்டிச் செயலாளர் பொன்னாடை போர்த்தினார்.