பதினாலு வயசுச் சம்மதம்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஜெயந்திரனுக்கு,

இங்க நானும் அம்மாவும் சுகமா இருக்கோம், பெர்த்ல நீயும் சுரேகாவும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு காலையில கோயில்ல கும்பிட்டுட்டு வந்துதான் எழுத உட்கார்ந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்ல, பங்சார் டாக்டர் கொடுத்த மருந்து கேட்குது. போன்ல பேசினா நீ குறுக்க பேசுவ, எனக்குப் பிரஷர் ஏறும், அதனாலதான் கடிதம். முழுசா படி.

யுகேந்திரன் அப்பீல் பண்ணப் போறான், நான் மறுபடி போய் அவனுக்காக நிக்கணும்னு மெசேஜ் போட்டிருக்க. உன்கூடப் படிச்சவன், நம்ம வீட்டுச் சோறு தின்னு வளர்ந்தவன், எல்லாம் எனக்குத் தெரியும். போன தடவை நீ கெஞ்சினதாலயும் அவன் அப்பா சிவநேசன் வீடு தேடி வந்து அழுததாலயும்தான் கோர்ட்டுக்குப் போனேன். ஏதோ காதல் விவகாரம், பொண்ணு வீட்டுல பிடிக்காம கேஸ் போட்டுட்டாங்கன்னு நீங்க ரெண்டு பேரும் சொன்னீங்க. கிள்ளான்ல அவன் பேட்மின்டன் சொல்லிக்கொடுத்த பிள்ளை அவ, வயசு பதினாலுன்னு நீங்க யாரும் வாய் திறக்கல. அங்க போய்த்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

குற்றத்தை அவனே ஒத்துக்கிட்டான், தண்டனை எவ்வளவுன்னு முடிவு பண்ற நாள் அது. வெளிய அவனோட லாயர் என்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொல்றான், அங்கிள், பதினாறுக்குக் கீழன்னா சம்மதம் இருந்தாலும் இல்லன்னாலும் குற்றம்தான், அத வச்சுத் தப்பிக்க முடியாது, ஆனா அவளும் ஆசைப்பட்டுத்தான் வந்தான்னு காட்டினா தண்டனைய குறைக்கலாம், நீங்க இவன் நல்லவன்னு சொன்னா போதும் லான்னு. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. முன்வாசல்ல சட்டம் உள்ளே விடாததைப் பின்வாசல் வழியா கூட்டிட்டுப் போறதுக்கு நான் துணையா? அங்க நின்ன யுகேந்திரன் சொந்தக்காரங்க எல்லாரும் அவனைப் பையன் பையன்னுதான் சொல்றாங்க. முப்பத்தோரு வயசு ஆம்பள பையனாம், பதினாலு வயசுப் பிள்ளை பெரிய மனுஷியாம். அவன் சித்தி ஒருத்தி, பொண்ணை ஒழுங்கா வளர்த்திருந்தா இப்படி ஆகுமான்னு எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொன்னா. பின்னால தனியா ஒருத்தர் லோரி கம்பெனி சட்டையோட நின்னுட்டு இருந்தார். தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அப்பத்தான் புரிஞ்சுது, அவர்தான் அந்தப் பிள்ளையோட அப்பா, ராஜன்னு பேரு.

உள்ள அரசாங்கத் தரப்பு லாயரம்மா அந்தப் பிள்ளை சொன்னதைப் படிச்சாங்க. நான் சரின்னுதான் சொன்னேன், இல்லன்னா டீம்ல இருந்து எடுத்துருவார்னு பயமா இருந்துச்சு, இப்ப பேட்மின்டன் ராக்கெட்டைப் பார்த்தாலே வாந்தி வருதுன்னு அவ சொல்லியிருக்கா. யுகேந்திரன் குனிஞ்ச தலை நிமிரல. அவன் லாயர் எழுந்து, அவ கோச்சுக்கு அனுப்பின மெசேஜை எல்லாம் எடுத்துக் காட்டி, பாருங்க எத்தனை ஹார்ட் போட்டிருக்கான்னு கேட்கிறான். இடைவேளை விட்டதும் நான் அந்த லாயர்கிட்ட போய், இவன் நல்லவன்னு சொல்ல என்னைக் கூப்பிடாதேன்னு சொல்லிட்டேன். அங்கிள், ஒரு வாழ்க்கை போகுதுன்னான். ரெண்டு வாழ்க்கை இருக்கு, நீ எதைச் சொல்றன்னு கேட்டேன். சிவநேசன் அன்னிலருந்து என்கூட பேசறதில்ல. பேசாம இருக்கட்டும்.

ஜட்ஜ் சொன்னது இன்னும் காதுல இருக்கு. அந்தப் பிள்ளை என்ன பதில் சொன்னாங்கிறதை விட்டுடுங்க, அப்படி ஒரு கேள்வியை அவகிட்ட கேட்கவே உங்களுக்கு உரிமை இல்ல, அதுவும் சொல்லிக்கொடுக்கிற இடத்துல இருந்துக்கிட்டுன்னு சொல்லி, பன்னிரண்டு வருஷம் ஜெயிலும் ரோத்தான் பிரம்படியும் கொடுத்தார். நீ என்னடான்னா, அவளும் சரின்னுதானே சொன்னா, இதுக்குப் போய் பன்னிரண்டு வருஷமான்னு கேட்கிற. எனக்கு வெட்கமா இருக்கு தம்பி. உன் மகளை நினைச்சுப் பாருன்னு நான் சொல்ல மாட்டேன். மகள் இருந்தாத்தான் இது புரியணும்னு இல்ல. பதினாலு வயசுல உன்னை மலாக்காவுக்குத் தனியா பஸ்ல அனுப்பவே நான் யோசிச்சேன், நீயே போறேன்னு அடம் பிடிச்சும் விடல. உன் சரிக்கு அன்னிக்கு என்ன மதிப்பு இருந்துச்சு?

வெளிய வந்து ராஜன்கிட்ட போனேன். நான் அந்தப் பக்கத்து ஆளா வந்தவன்னு அவருக்குத் தெரியும். சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். இல்லண்ணேன்னார். எதிர்க் கடையில போய் உட்கார்ந்தோம். அவர் ரொட்டியைப் பிச்சுக்கிட்டே இருந்தார், வாயில வைக்கல. தீர்ப்பு வந்துருச்சுன்னு வீட்டுல போய்ச் சொன்னா அவ சந்தோஷப்பட மாட்டா அண்ணே, என்னாலதான் கோச் ஜெயிலுக்குப் போறார்னு அழுவான்னு சொன்னார். அதைக் கேட்டப்ப எனக்கு வந்த கோபத்தை எந்தப் பேனாவாலயும் எழுத முடியாது.

அப்பீல் நாளுக்கு நான் போவேன், கவலைப்படாதே. ராஜன் பக்கத்துல உட்காருவேன். அந்தப் பிள்ளை பக்கம் பெஞ்சு காலியா கிடக்கக்கூடாது. அப்பா வருவார்னு நீ சிவநேசனுக்கு வாக்குக் கொடுத்திருந்தா, எந்தப் பக்கம் உட்காருவார்னும் சேர்த்துச் சொல்லிடு.

குளிர் அதிகமாம், குழந்தைக்குக் காதை மூடி விடு. அம்மா உங்க மூணு பேருக்கும் விபூதி மடிச்சு இதுக்குள்ள வச்சிருக்கா. முருகன் உங்களைக் காப்பாத்துவான், உனக்குப் புத்தியையும் கொடுக்கட்டும். அம்மாவுக்கு மறக்காம போன் பண்ணு, என்கூட பேசறதுக்கு முன்னாடி இதை ரெண்டு தடவை படி.

கோபம் இன்னும் ஆறாத உன் அப்பா,
யோகநாதன்