நாலாம் கேமராவில் ஒன்பது நொடி

நாலாம் வருடம், நாள் 212, காலை 7.10
செங்குழிச் சுரங்கம், செவ்வாய். எழுதுவது பேச்சித்தாய், சமையல்கூடப் பொறுப்பு, வயது ஐம்பத்தாறு. உச்சினிமாகாளியைக் கும்பிட்டேன். வழக்கம்போல் கம்ப்யூட்டருக்கும் தலை முதல் கால்வரை விபூதி பூசினேன். இங்கே நடக்கும் விசேஷங்களின் வீடியோவை வெட்டி ஒட்டிப் பூமிக்கு அனுப்புவது என் வேலை. இன்று சுரங்கத்தில் வேலை செய்யும் சரசுவின் வளைகாப்பு. சாப்பாட்டுக் கூடத்தின் நாலு கேமராவையும் என் கம்ப்யூட்டரோடு இணைத்தாயிற்று. மகன் பலவேசம் கம்பெனிக் காவல்படையில் இருக்கிறான், இன்னும் சாப்பிட வரவில்லை. தோசை ஆறிக்கொண்டிருக்கிறது.

காலை 9.40
காற்று போதவில்லை என்று வேலைக்குப் போக மறுத்தவர்களைக் காவலர்கள் கூடத்தில் வைத்துச் சுட்டார்கள். பதினேழு பேர். பரிமாறும் சன்னல் வழியாகப் பார்த்தேன். சாம்பார் அண்டாவில் ஒருவன் தலைகுப்புறக் கிடந்தான். சரசுவுக்குத் தாடை இல்லை, நாக்கு மட்டும் அசைந்தது. மிச்சம் நாற்பது பேரைப் பயிர் வளர்க்கும் விதைக்கூடத்தில் பூட்டிவிட்டார்கள். வேலை மறுப்புக்குத் தலைவன் யாரென்று சொல்லும்வரை, பதினோரு மணி முதல் மணிக்கு ஐந்து பேரைக் கொல்வார்களாம். ஓடிவந்து என் அறையின் இரும்புக் கதவைத் தாழிட்டேன். தாயே, எல்லாம் பதிவாகியிருக்கிறது.

காலை 9.55
அண்ணன் மகள் செண்பகம் மேலே சுற்றும் மீட்புக் கப்பலில் இருக்கிறாள். நான் தகவல் சொன்னதும் அவள் அனுப்பியது:
"அத்தை, குழாய் வெடிச்சிட்டுன்னு கம்பெனிக்காரன் சொல்லுதான். கேப்டன் நம்பிட்டாரு. ஆதாரம் பாக்காம எறங்க மாட்டாராம். ரெண்டு நிமிச வீடியோ போதும், ஆனா மொகம் தெரியணும். பதினோரு மணிக்கு ஒங்க தலைக்கு மேல வருவோம். அப்புறம் ஒரு மணிக்கு. அதுக்கு மேல நிக்க மாட்டோம்."

காலை 11.05
மற்ற புரோகிராம்களை எல்லாம் மூடினேன். வட்டு நிரம்பியிருந்தது. மூன்று வருட அம்மன் கொடை விழா வீடியோக்களை அழித்து இடம் பண்ணினேன், அம்மன் மன்னிக்கட்டும். பெரிய கோப்பை அப்படியே வெட்டினால் படம் திக்கும். சின்ன நகல் எடுத்து அதில் வெட்டினேன். வேகமாக ஓடியது. வீடியோவை வெளியே எடுக்கும்போது அறுபத்திரண்டு சதவீதத்தில் கம்ப்யூட்டர் அணைந்தது. தொட்டால் கொதிக்கிறது. பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். சூடு தணிக்கும் காற்றாடியே தெரியவில்லை. மூன்று வருட விபூதி அடைபோல் அப்பியிருந்தது.
கப்பல் போய்விட்டது. விதைக்கூடத்தில் ஐந்து குண்டுச் சத்தம். நானும் என் பக்தியும்.

காலை 11.40
பல் துலக்கும் பிரஷால் எல்லாவற்றையும் சுரண்டினேன். சூடு பாதியாகக் குறைந்தது. நாலாம் கேமராவில் மட்டும்தான் முகங்கள் தெரிகின்றன. ஒரு காவலன் சரசுவின் வயிற்றை மிதித்துக்கொண்டு வாய்க்குள் சுடுகிறான். ஒன்பது நொடி. முகமூடி நழுவிக் கிடக்கிறது.
பலவேசம்.

மதியம் 12.05
நாலாம் கேமராவை நீக்கினேன். கோப்பு கனம், கம்ப்யூட்டர் தாங்காது.
பொய். கம்ப்யூட்டர் தாங்கும்.
இன்னும் ஐந்து குண்டுகள். நாலாம் கேமராவை நீக்கியதற்கு விபூதி மேல் பழிபோட முடியாது.

மதியம் 12.20
கதவின் பேச்சுப் பெட்டியில் அவன்.
"எம்மா, தொற. நாலு கேமராவும் ஒங்கிட்டதான் இருக்குன்னு தெரியும். அந்த நாலாவத மட்டும் எடுத்துரு. மத்தத என்னமும் பண்ணிக்கோ. நான் ஒன் புள்ளல்லா?"
"அவ வயித்துல கெடந்ததும் புள்ளதாம்லே."
"சுடலேன்னா என்னயச் சுட்ருப்பானுவம்மா."
"சரி, சுட்டே. மிதிக்கவும் சொன்னானுவளாலே?"
பேச்சுப் பெட்டியை அணைத்துவிட்டான். பிறகு இரும்பு அறுக்கும் சத்தம். ஒன்பது நொடியையும் திரும்பச் சேர்த்தேன்.

மதியம் 12.41
மின்சாரத்தை வெட்டிவிட்டார்கள். பேட்டரிதான். அடுப்பு, விளக்கு, ஹீட்டர், குளிர்பெட்டி, எல்லாவற்றையும் நிறுத்தினேன். போதவில்லை. இனி மிச்சம் இரண்டுதான்: கம்ப்யூட்டர், காற்று மெஷின். இரண்டும் ஓடினால் பத்து நிமிடம். கம்ப்யூட்டர் மட்டும் ஓடினால் அரைமணி.
காற்று மெஷினை நிறுத்தினேன்.

மதியம் 1.04
தலை கனக்கிறது. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. நூறு சதவீதம். வீடியோ கப்பலுக்குப் போய்விட்டது. செண்பகம்:
"வந்துட்டு அத்தை. கேப்டன் பாத்துட்டாரு, எறங்குதோம். கதவத் தொறந்துராதீய... அத்தை, அது பலவேசம் அத்தானா?"
ஆமா என்றேன்.

1.09
நகம் நீலமாக. அறுப்பு நின்றுவிட்டது. அவன் குரல் மட்டும்.
"அனுப்பிட்டியா?"
"அனுப்பிட்டேன்."
"நான் இருக்கேனா அதுல?"
"இருக்கேய்யா. மொகம் நல்லா தெளிவா விழுந்திருக்கு."
கதவு சாய்கிறது. அவன் கையில் துப்பாக்கி. நடைவழிக் காற்று உள்ளே பாய்கிறது. அவன்தான் கொண்டுவந்தான். எவ்வளவு குளிர்ச்சி, தாயே. முதல் மூச்சை இழு