கடைசியிலிருந்து எழுதிய கேது

ஜூலை 3, வெள்ளி

விடிந்ததிலிருந்து காற்று. தோப்பில் இரண்டு மட்டை விழுந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. ‘கேது’ இசைக்கு வயலின் தாள்கள் பிரதி எடுத்தாயிற்று. ஊதுவாத்தியங்கள் பாக்கி.

வாங்க: கறுப்பு மை, ஐந்து கோடு போட்ட தாள், சரஸுவின் முட்டிக்குத் தைலம்.

நூறு வருடம் முன்பு கோள்களுக்கு ஏழு பகுதியாக வாத்திய இசை எழுதிவிட்டுப் போனார் ஒரு வெள்ளைக்காரர். உலகம் முழுக்க வாசிக்கிறார்கள். நம் ஜோசியர்களுக்குத் தெரியாத இரண்டு கோள் அதில் உண்டு; ராகு, கேது இல்லை. நாற்பது வருடமாக எனக்கு உறுத்தல். கல்யாண பேண்டு செட்டில் யூஃபோனியம் ஊதியவன், தானே புத்தகம் பார்த்து நொட்டேஷன் கற்றவன் இதில் கைவைக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்கட்டும். ஆகஸ்டில் பாலக்காட்டு வாத்தியக்குழு அந்த ஏழையும் வாசித்து, பின்னால் என் இரண்டையும் வாசிக்கப்போகிறது.

ராகு முழுக்க என்னுடையது. கேது அப்படி இல்லை. இந்த நோட்டில் மட்டும் எழுதுகிறேன்.

தங்கராசு. சாந்தன்பாறைக்காரன். எங்கள் செட்டில் கிளாரினெட். ஏலத்தோட்டத்தில் வேலை ஓய்ந்த மாதங்களில் மலையிறங்கி வந்து எங்களோடு தங்குவான். தினமும் காலையில் தண்ணீர்த்தொட்டி மேல் உட்கார்ந்து, வாத்தியம் சூடாவதற்காக ஒரு எட்டு வரி மெட்டு வாசிப்பான். அவனே உண்டாக்கியது. அதைக் கடைசி சுரத்திலிருந்து முதல் சுரம் வரை திருப்பி எழுதினேன். அதுதான் கேது.

யோசனை வந்தது சித்தூர்க் கோயிலில். என் மனைவி சரஸு நவக்கிரகத்தை ஏழு தடவை வலமாகச் சுற்றினாள். பிறகு ராகு, கேதுவுக்காக இரண்டு தடவை இடமாக. கேது பின்னால் நடப்பவன், மெட்டும் பின்னால் நடக்கட்டும் என்று நினைத்தேன். திருப்பிவிட்டால் அது அவனுடையது ஆகாது என்றும் நினைத்தேன்.

ஜூலை 5, ஞாயிறு

பாலக்காட்டில் ஒத்திகை. சாரல். ராகு பரவாயில்லை. டிராம்போன் வாசிக்கும் பாங்க்காரர் எண்ணுவதே இல்லை, எட்டிப் பார்த்து நுழைகிறார்.

கேது முடிந்ததும் குழுவை நடத்தும் மீனாட்சி மேடம் குச்சியைக் கீழே வைத்தார். கல்பாத்திக்காரர்.

“சார், ஒரு காரியம் சொல்றேன், கோச்சுக்கப்படாது. நேத்து ஆத்துல இந்தக் கேதுவைக் கடைசிலேர்ந்து முன்னாடி வாசிச்சுப் பார்த்தேன். என்ன ஒரு மெட்டு! உள்ளே ஒளிச்சு வெச்சுண்டு வாயே திறக்கலியே நீங்கோ!”

கடைசியில் கிளாரினெட் மட்டும் அதை நேராக வாசித்து முடிக்க வேண்டுமாம். கிளாரினெட் ஒரு பல் டாக்டர். அங்கேயே வாசித்துக் காட்டினார். என் கண்ணுக்கு மண்டபம் முழுக்கத் தங்கராசு தொட்டி மேல் உட்கார்ந்திருந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். எழுந்து நின்று கும்பிட்டேன். கும்பிட்டேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

கச்சேரி நோட்டீஸ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இசை யார் என்று நான்தான் சொல்ல வேண்டும்.

ஜூலை 6, திங்கள்

மோட்டார் ஓடவில்லை. ஆள் வரச் சொல்லியிருக்கிறது.

அவன் பெயர் ஏன் வேண்டாம்:
1. அந்த மெட்டைத் தாளில் ஏற்றியவன் நான்.
2. ஐம்பது வாத்தியத்துக்குப் பிரித்தவன் நான். அவனுக்கு நொட்டேஷன் ஒரு எழுத்து தெரியாது.
3. வேலந்தாவளத்துத் திருவிழாவுக்கு முதல்நாள் செட்டை விட்டுப் போனவன் அவன். கிளாரினெட் இல்லாமல் நின்றோம். “ஊமச் செட்டு” என்று கூவினார்கள். அப்புறம் அந்தப் பக்கம் யாரும் எங்களைக் கூப்பிடவில்லை.
4. இருபத்தேழு வருடத்தில் ஒரு போன் இல்லை. (நானும் செய்யவில்லை.)

நான்கும் சரிதான். இருந்தும் மேடத்துக்கு இன்னும் போன் செய்யவில்லை.

ஜூலை 7, செவ்வாய்

யூஃபோனியத்தில் மெட்டை நேராக ஊதிப் பார்த்தேன். சரஸு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

“ஏனுங்க, இது தங்கராசண்ணன் தொட்டி மேல உக்காந்து ஊதறதுதானுங்க?”

“என்னோடது.”

“ஆமாமா. தோப்புல இருக்கற தென்னமரமெல்லாங்கூட நீங்க பெத்ததுதான்.”

யூஃபோனியத்தைத் துடைக்க ஆரம்பித்தேன். அவள் விடவில்லை.

“அன்னைக்கு அந்தண்ணன் ஜீப்புக் கேட்டு வந்தப்ப என்னையப் பொய் சொல்ல வெச்சீங்க. இதுக்கும் நானேதான் பொய் சொல்லோணுமுங்களா?”

நேற்றைய பட்டியலில் இதை எழுதவில்லை. திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பே லீவு கேட்டான், அப்பாவுக்கு முடியவில்லை என்று. சாக்கு என்று நினைத்து மறுத்தேன். மறுநாள் சாயங்காலம் ஊரிலிருந்து ஆள் வந்து அப்பா போய்விட்டார் என்று சொல்ல, செட்டின் ஜீப்பைக் கேட்டு வாசலுக்கு வந்தான். அவன் குரல் கேட்டதும் பின்வாசல் வழியாக மோட்டார் ரூமுக்குப் போய்விட்டேன். மாட்டுச்சந்தைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லச் சொன்னேன். சரஸு சொன்னாள். அவன் பஸ் மாறி மாறி மலையேறிச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். மூத்தவன் அவன், கொள்ளி வைத்தது தம்பி. இது ஒரு மாதத்திலேயே எனக்குத் தெரியும்.

நாளை சாந்தன்பாறை. சரஸுவிடம் பொள்ளாச்சி என்று சொன்னேன். நம்பவில்லை, குடையும் ஸ்வெட்டரும் எடுத்து வைத்தாள்.

ஜூலை 8, புதன்

பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு, பூப்பாறை வழியாகச் சாந்தன்பாறை. நான்கு பஸ். முதுகு போயிற்று. மூணாறு தாண்டியதும் மழை, முன்னால் போகிற வண்டி தெரியவில்லை.

வீடு சுலபமாகக் கிடைத்தது. மகள் மலர் கதவு திறந்தாள். ஏலக்காய் ஸ்டோரில் காய் பிரிக்கிறாளாம். அவன் உள்ளே கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தான்.

“அட, பேண்டு மாஸ்டரா? வாய்யா. செத்துப்போனேன்னு யாரும் சொல்லிட்டாகளா, மாலையக் காணோம்?”

பல் எல்லாம் போய்விட்டது. கிளாரினெட் பரண்மேல்.

“மேப்பல்லு இல்லாம அது நிக்காதுய்யா. கட்டுப்பல்லு வெச்சு ஊதுனா குருவி கத்துது.”

போனில் கேதுவைப் போட்டுக் காட்டினேன், கம்ப்யூட்டர் வாசித்தது. திருப்பி எழுதின பகுதி மட்டும். கண்ணை மூடிக் கேட்டான்.

“நல்லாத்தான் இருக்கு. ஒன்னோடதா?”

“ஆமா.”

சொல்லத்தான் நான்கு பஸ் ஏறி வந்தேன். வாயில் வந்தது அதுதான். மலர் மீன் குழம்பு ஊற்றினாள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், வெட்கம் கெட்டவன்.

ஜூலை 9, வியாழன்

மழை விடவில்லை. காலையில் வெந்நீர் காய்கிறவரை அடுப்புப் பக்கம் குந்தி, உதட்டாலேயே அந்த மெட்டைப் பாடிக்கொண்டிருந்தான். கடைசி இரண்டு வரி நான் எழுதியது போல் இல்லை. நான் மேலே ஏற்றி, கல்யாணச் செட்டு முடிப்பதுபோல் முடித்திருக்கிறேன். அவனுடையது இறங்கிவந்து பாதியில் நிற்கிறது. திருடியதும் தப்பு, திருடினதிலும் தப்பு.

“நேத்துப் பொய் சொன்னேன்” என்றேன்.

“தெரியும்யா. சட்டையத் திருப்பிப் போட்டா தையல் தெரியாமப் போயிருமா?”

“உன் பேர் போடறேன்.”

“போடு, போடாமப் போ. அது கெடக்கட்டும். அன்னைக்கு நீ சந்தைக்குப் போகல, அப்படித்தான?”

அடுப்பைப் பார்த்தபடி, மோட்டார் ரூமில் இருந்தேன் என்று சொன்னேன்.

“வாசல்ல ஒன் செருப்புக் கெடந்துச்சு. எடது வாரு அந்து, சணல் போட்டுக் கட்டுனது. இருந்தது ஒனக்கு ஒரே செருப்பு.”

“அப்புறம் ஏன் கூப்பிடலை?”

“கூப்பிட்டா வெளிய வந்துருவ. வந்து, தரமாட்டேன்னு ஒன் வாயாலயே சொல்லுவ. அதக் கேக்கறதுக்கு நடந்தே போயிரலாம்னு தோணுச்சு.”

மன்னித்துக்கொள் என்ற சொல் எனக்கு எப்போதும் வந்ததில்லை. இன்றும் வரவில்லை. பை எடுத்தேன். அந்த இரண்டு வரியை மட்டும் இன்னொரு தடவை பாடச் சொன்னேன். பாடினான். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். ஆகஸ்டில் வா என்றேன்.

“பஸ்ஸுல வரமாட்டேன். ஜீப்பு அனுப்பு, வாரேன்.”

உள்ளே மலர் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

ஜூலை 10, வெள்ளி

வீடு. வெயில், காற்று. மோட்டார் சரியாகிவிட்டது.

காலை முதல் வேலையாக மேடத்துக்குப் போன். “கேது: இசை தங்கராசு, சாந்தன்பாறை. அவர் அனுமதியின்றி எடுத்துத் திருப்பி எழுதியவர்” என்று போட்டு, கீழே என் பெயர் போடச் சொன்னேன். 

“சார், இவ்வளவு அச்சடிக்கணுமா? ‘இருவரும் சேர்ந்து’ன்னு போட்டுக்கலாமே?”

“சேரலை. சொன்னபடி போடுங்க.”

கிளாரினெட் தாளில் கடைசி இரண்டு வரி திருத்தியாயிற்று. திருப்பி வரும் இடத்தில் அதுவே ஆரம்பம், அதையும் திருத்தினேன். வயலின்காரர்கள் முணுமுணுப்பார்கள்.

பழைய ஜீப்பை விற்று வெகுநாள் ஆயிற்று. வேலந்தாவளத்தில் தேங்காய் ஏற்றுகிறவரிடம் ஒன்று இருக்கிறதாம். கேட்கக் கிளம்பினேன். சரஸு பின்னாலேயே வாசல்வரை வந்தாள்.

“ஏனுங்க, அத்தன தூரம் வயசானவரு ஜீப்புல குலுங்கோணுமா? கார் சொல்லுங்களே.”

கார் வேண்டாம். ஜீப். நானே கூடப் போகிறேன்.