பெரியப்பா கை கழுவிய குழாய்

வேங்கிக்கால்

அன்பு மகள் அக்ஷயாவுக்கு,

அருகன் அருளால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், என் முழங்காலைத் தவிர. நீயும் டப்ளின் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். அங்கே நாலரைக்கே இருட்டிவிடுகிறது என்று கேட்டதிலிருந்து, பொழுது சாய்வதற்குள் நீ சாப்பிடுகிறாயா என்று அம்மாவுக்குத் தினமும் கவலை. விளக்கு வைத்த பிறகு சமணர் வாயில் பருக்கை படக்கூடாது என்று விதித்தவர்கள் அயர்லாந்தைப் பார்த்ததில்லை. பசித்தால் சாப்பிடு, அவளிடம் மட்டும் சொல்லாதே. என் போனை அவள் எடுத்துப் படிக்கிறாள், அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

என் நாவல் சீரியலாகி இரண்டு மாதமாக ஓடுகிறது. பதினெட்டு வருஷத்தில் அந்தப் புத்தகத்தை முழுதாகப் படித்தவர்கள் நாலு பேர், அதில் ஒருவர் பிழை திருத்தியவர். இப்போது கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதும் ஆதிமூலம்கூட என்னை நிறுத்தி அடுத்து என்ன ஆகும் என்று கேட்கிறான். எனக்கு எப்படித் தெரியும், நான் கதை எழுதியவன்தானே. கதாநாயகன், அதாவது நான், தொட்டியில் வழுக்கி விழும் கோமாளியாகிவிட்டான். உன் பெரியப்பா வர்த்தமானனை வைத்து நான் செதுக்கிய வில்லன் மகாத்மாவாகிவிட்டான். கதையின் உயிர் உனக்குத் தெரியும். சென்னையில் இண்டர்வியூவில் தோற்று நான் பசியோடு வீட்டுக்கு வந்த அன்று, விளக்கு வைத்தாயிற்று, சோறு கிடையாது என்று அடுப்படியைச் சாத்தியவர் அவர். அடுத்த வாரமே மாலை ஏழு மணிக்குக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டு ஓட்டல் குழாயில் குருமா ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை, முந்நூறு பக்கம் எழுதிவிட்டேன். டைரக்டர் கவிநிலா என்ற பெண் சொன்னாள், "சார், எட்டு மணிக்கு வீட்டுக்கு வீடு தட்டை வெச்சிக்கினு டிவி முன்னாடி உட்கார்ந்திருப்பாங்க. அந்த நேரத்துல சாப்பிடறவரைக் கெட்டவரா காட்டினா சேனலை மாத்திடுவாங்க." அதனால் அண்ணன் தனக்காகப் பரோட்டா வாங்கவில்லை, படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு கிழவருக்கு ஊட்டப் போனார் என்று மாற்றிவிட்டாள். இலக்கியத்தில் சர்க்கரை கொட்டுவதுதான் உங்கள் தொழில் என்று அவளிடம் அரைமணி நேரம் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு அதையே எடுத்தாள்.

சீரியலில் அந்தக் காட்சி வந்த மறுநாள், போன பௌர்ணமியன்று, பெரியப்பா வந்தார். முப்பது வருஷமாகக் கல்யாணம் கருமாதியில் தலையாட்டுவதோடு சரி, பஞ்சாங்கம் தவிர எதையும் படித்தவரும் இல்லை. பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம், கிரிவலக் கூட்டத்தில் இடிபட்டு நடந்தே வந்திருக்கிறார். தண்ணீர் குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "சகாதேவனுக்கு நான் ஊட்டினது உனக்கு எப்டிடா தெரியும்? யாருக்குமே சொன்னதில்லையே" என்றார். சகாதேவன் நம் பண்ணையாள். உன் தாத்தா கோபத்தில் அவரை விரட்டிவிட்டார், பிறகு பக்கவாதம் வந்து அந்த ஓட்டலுக்குப் பின்னால் ஒரு அறையில் கிடந்தாராம். தாத்தாவுக்குத் தெரியாமல் அண்ணன் தினமும் போய்ப் பரோட்டாவைப் பிய்த்துக் குருமாவில் ஊறவைத்து ஊட்டியிருக்கிறார், தன் வாயில் ஒரு பருக்கை போட்டுக்கொண்டதில்லை. அந்தக் கையைத்தான் கழுவியிருக்கிறார். நான் கண்ணால் பார்த்து எழுதியது பொய், அந்தப் பெண் சேனலுக்குப் பயந்து அளந்தது நிஜம். சகாதேவனுக்கு ஊட்டியவர் எனக்கு மட்டும் ஏன் கதவைச் சாத்தினார் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவர் அழுதுகொண்டிருந்தார். "நீ என்னைத் தப்பா நெனைச்சிக்கினு இருக்கேன்னே இருந்தேன்டா. எல்லாம் தெரிஞ்சிதான் எழுதியிருக்கே. அந்தப் புக்கு ஒண்ணு குடு, கண்ணு ஆபரேஷன் ஆயிட்ச்சி, மொத்தமும் படிக்கிறேன்" என்றார். எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது என்றேன். கட்டிலுக்கு அடியில் இருநூறு இருக்கிறதே என்றாள் உன் தாய். அது வேறு புத்தகம் என்றேன். மறுநாளே பழைய பேப்பர் முருகையனை வரவழைத்து இருநூறையும் ஏற்றிவிட்டேன், அவன் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. இப்போது அண்ணன் வாராவாரம் வருகிறார், வரும்போதெல்லாம் புத்தகம் கிடைத்ததா என்கிறார்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், வேலையில் யாருக்கும் பயப்படாதே, குறைவில்லாமல் நிறைந்து வாழ்வாய். ஒன்று மட்டும் மறக்காதே. உன்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, ஊருக்கு வரும்போது அதைக் கொண்டுவராதே. முதல் பக்கத்தில் "இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தையாவது கிழித்துவிடு.

உன் அப்பா,
வீரேந்திரன்