வெள்ளை ரிபன் கட்டிய கறுப்புக் கார்

என் இஞ்சாருங்கோவுக்கு,

பெயர் சொல்லி உங்களை நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கடிதத்தில் மட்டும் பெயரை எழுதினால், ஆரைக் கூப்பிடுகிறாள் என்று நீங்களே திரும்பிப் பார்ப்பீர்கள். பழையபடியே கூப்பிடுகிறேன். நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் காரை விற்றுவிட்டோம். முழுக்கதையையும் கேட்டுவிட்டுப் பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போன பிறகு வந்த பனிக்காலம் என்னை வாட்டி எடுத்துவிட்டது. பனி அள்ளும் வண்டி ஊளையிட்டுக்கொண்டு தெருவுக்குள் வந்தால் காரை மற்றப் பக்கம் மாற்றி நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கோ கார் ஓடத் தெரியாது. எங்கள் மகன் அன்ரன்தான் ஒவ்வொரு முறையும் லவாலில் இருந்து வேலைக் களையோடு வந்து மாற்றிவிட்டுப் போனான். ஒருநாள் சாவியை மேசையில் வைத்துவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் தூங்கிப்போனான். அவனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழும்பியதும், சரி தம்பி, விற்போம் என்றேன்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? கர்க்லாண்டில் ஒரு டொக்டர் பாவித்து விற்ற ஜெர்மன் கார். சென்ட் லோரன்ட் பக்டரியில் பெட்டி தூக்குகிறவருக்கு ஜெர்மன் கார் கேட்குதாம் என்று மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தவர்கள் வாசலில் நின்று சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களில் ஒருவரே மகளின் கலியாணத்துக்குக் காரை ஒருக்காத் தாருங்கோ அண்ணை என்று வந்து நின்றார். தரமாட்டேன், நானே ஓடிக்கொண்டு வாறேன் என்றீர்கள். அதற்குப் பிறகு மொன்றியலில் உங்கள் கார் வராமல் எங்கள் ஆட்களின் கலியாணம் ஏது? வாடகை என்று நீட்டிய கையையெல்லாம் மடக்கி அனுப்பினீர்கள்.

ரிபன் கட்டுவது என் வேலை. கலியாணம் முடிந்ததும் அவிழ்த்து, தோய்த்து, அயன் பண்ணி, பிஸ்கட் ரின்னுக்குள் சுற்றி வைப்பேன். கட்டி முடிந்தால் நீங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரிக் கிளம்பிவிடுவீர்கள். பின்சீற்றில் மாப்பிள்ளையும் பொம்பிளையும், முன்சீற்றில் தோழிப்பெண். எனக்கு எங்கே இடம்? பட்டுச்சேலைக்கு மேல் குளிர்க்கோட்டு, காலில் பூட்ஸ், செருப்பு பைக்குள், நான் பஸ்ஸில். கேட்டால், "மாப்பிள்ளை பொம்பிளை வாற காரில நாங்கள் ஏறிக் குந்தக்கூடாதப்பா" என்பீர்கள். ஜெர்மன் கார்க்காரரின் மனைவி பஸ் தரிப்பில் நடுங்கிக்கொண்டு நின்ற அழகை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

அன்ரன் காரின் பின்கண்ணாடியில் ஒரு அட்டை வைத்தான், தமிழ்க்கடைச் சுவரிலும் ஒன்று ஒட்டினான். முதலில் வந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். நிலத்தில் படுத்துக் காரின் அடியெல்லாம் பார்த்தார். வீட்டுக்கு வந்தவரைச் சும்மா அனுப்புவதா? தேத்தண்ணியும் ரோல்ஸும் வைத்தேன். கார் வாங்க வந்த இடத்தில் இதென்ன என்று முழித்தாலும் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டார். என் கையால் சாப்பிட்ட மனிதருக்கு மறைக்க மனம் வரவில்லை. ஹீற்றர் ஒரு பக்கம் வேலை செய்யாது, மழை நாளில் பிரேக் கத்தும், பின்கதவை ஒரு தட்டுத் தட்டித்தான் பூட்ட வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, அன்ரன் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தான். கடைசியில் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, நீங்கள் கார் விக்கிறீங்களோ, பாவசங்கீர்த்தனம் செய்யிறீங்களோ?"

அந்த மனிதர் மெர்சி சொல்லிவிட்டுப் போனவர்தான். அவர் திரும்பி வராதது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், உங்களிடம் மறைப்பானேன்.

அடுத்து எங்கள் ஆட்கள், ஒரு தாயும் மகனும். காரைக் கண்டதுமே அந்தத் தாய், இது கலியாணக் கார் எல்லோ என்றார். மகனுக்கு ஆவணியில் கலியாணமாம், சொந்தமாக ஒரு காரும் தேவையாம். எனக்கு மனம் குளிர்ந்துபோனது. ஐயா எங்கே என்று கேட்டார். மோசம் போயிட்டார் என்றேன். கையில் எடுத்த தேத்தண்ணியை அப்படியே கீழே வைத்தார். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றும் பாராமல் மகனிடம், "செத்தவற்ற காரிலயோ பொம்பிளை ஏத்துறது? வா போவம்" என்றார். பெடியன் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனான்.

அழுகையை விட ஆத்திரம்தான் வந்தது. ஊரே கெஞ்சிக் கேட்ட காருக்கு இப்போது ராசி இல்லையாம். உங்கள் மேலும் கோபம் வந்தது. வாடகை வாங்கியிருந்தால் தொழில் என்று விட்டிருக்கலாம், சும்மா கொடுத்ததால்தானே இப்படி வலிக்கிறது. எங்கள் ஆட்களுக்கு வேண்டவே வேண்டாம், கழற்றிப் பாகம் பாகமாக விற்கிற கராஜ்காரன் கேட்டானே, அவனுக்கே கொடு என்று அன்ரனிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை மத்தியானம் வந்து இழுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

அந்தச் சனிக்கிழமை காலை மணி அடித்தது. அதே பெடியன், கூடவே அவன் கட்டப்போகிற பெண். வாசலிலேயே அவன் மன்னிப்புக் கேட்டான். அவள் இங்கே பிறந்தவள், தமிழுக்குள் பிரெஞ்சு ஓடி ஓடி வருகிறது. ஓடிப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். பெடியன் சாவியை வாங்கிக்கொண்டு ஏற, அன்ரன் அவனுக்குப் பக்கத்தில் ஏறினான். அவள் என் கையைப் பிடித்துப் பின்சீற்றில் இருத்தினாள்.

இத்தனை வருடத்தில் அந்தப் பின்சீற்றில் நான் இருந்ததே இல்லை. எவ்வளவு மெத்தென்று இருக்கிறது தெரியுமா? அங்கே இருந்து பார்த்தால், முன்னால் தொங்கும் கண்ணாடியில் ஓடுகிறவரின் கண்கள் மட்டும் தெரிகின்றன. எத்தனையோ பெண்பிள்ளைகள் உங்களை அப்படிப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் பார்க்கவில்லையே.

தன் அக்காவின் கலியாணத்துக்கும் இதே கார்தான் என்றாள் அவள். பனி கொட்டிக்கொண்டிருந்ததாம், அக்கா வழி முழுக்க அழுதுகொண்டே வந்தாளாம். இவள் தோழிப்பெண்ணாக முன்சீற்றில். நீங்கள் திரும்பாமலே கண் துடைக்கிற ரிசுப் பெட்டியைப் பின்னுக்கு நீட்டி ஒரு கதை சொன்னீர்களாம். அதை உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

"அழாதேங்கோ பிள்ளை. என்ர மனிசி எங்கட கலியாணத்துக்கு ட்ரக்டர் பெட்டியில வந்தவ. இண்டைக்குப் பஸ்ஸில வாறா. அவவுக்குக் குடுக்காத சீற்றை உங்களுக்குத் தந்திருக்கிறன். சிரிச்சுக்கொண்டு இறங்குங்கோ."

அக்கா சிரித்துவிட்டாளாம். இப்போது மூன்று பிள்ளைகளாம். இதை நீங்கள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்? என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? பஸ்ஸுக்குள் இருந்து நான் உங்களைத் திட்டிக்கொண்டு வந்த நேரத்தில், நீங்கள் காருக்குள் என்னைப் பற்றிக் கதைத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள். பின்சீற்றில் இருந்து நானும் அழுதேன். அவள்தான் ரிசு எடுத்துத் தந்தாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் பெடியனும் அன்ரனும் விலை பேசினார்கள். நான் அவளிடம் மாமியார் சம்மதித்தாரா என்று மட்டும் கேட்டேன்.

"மாமிக்கு நான் சொல்லிப்போட்டன் அன்ரி. இந்தக் கார்தான். ரிபனும் நீங்கள்தான் கட்டவேணும்."

புருஷனை இழந்தவள் கட்டக்கூடாது பிள்ளை என்றேன். அவள் ரிபன் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அலுமாரியில் இருந்து பிஸ்கட் ரின்னை எடுத்துக்கொண்டு வந்தேன். அன்ரன் கராஜ்காரனுக்குப் போன் எடுத்து வரவேண்டாம் என்றான். கார் தெருமுனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது ஜன்னலால் எட்டிப் பார்த்தால் ஒயில் கறை மட்டும் கிடக்கிறது.

ஆவணியில் அந்தக் காலையில் போய் ரிபனைக் கட்டுவேன். மாமியார் என்ன முகத்தோடு நிற்பாரோ தெரியாது, நான் கட்டுவேன். எங்களோடு காரிலேயே வாங்கோ என்று அந்தப் பிள்ளை கேட்டாள். மாட்டேன் என்றுவிட்டேன். மாப்பிள்ளை பொம்பிளை வருகிற காரில் நாங்கள் ஏறிக் குந்தக்கூடாது. நான் பஸ்ஸிலேயே வருகிறேன். இந்த முறை உங்களைத் திட்டாமல் வருவேன், இது சத்தியம்.

ட்ரக்டரில் வந்து உங்களைச் சேர்ந்த
உங்கட மனிசி