மீசை வைத்த குழந்தை

ஜூன் 9, திங்கள்

இப்படி உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. பால் கணக்கு தவிர வேறெதையும் எங்கள் வீட்டில் யாரும் எழுதியதில்லை. அம்மா பார்த்தால் ஆபீஸ் வேலை என்று சொல்லிக்கொள்ளலாம்.

நேற்று அப்பா கொடுமுடிக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் கோயிலுக்குப் போனார். ஆவணியில் கும்பாபிஷேகம். குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கொடுக்கும் தலைக்கட்டு வரியைக் கட்டிவிட்டால் நாமும் அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்று ஆகிவிடும். என்னைப் பெண் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் காப்பியைக் கையில் வாங்குவதற்கு முன்னால் "நீங்க என்ன கூட்டமுங்க?" என்றுதான் கேட்கிறார்கள். கூட்டம் என்றால் குலம்; எங்களுடையது எது என்று அப்பாவுக்கே தெரியாது. அதற்காகத்தான் போனார்.

வரி வாங்கவில்லை. கமிட்டித் தலைவர் கிருபாசங்கர் சொன்னாராம்: "சாமி கும்பிட வாங்க, வேண்டாம்னு சொல்லலீங்க. ஆனா அறுத்துக் கட்டின ஊட்டு ஆளுங்களுக்கு இங்க வரி இல்லீங்க." அவமானப்படுத்தும்போதும் 'ங்க' குறையவில்லை.

தாலி அறுத்த பிறகு இன்னொருவரைக் கட்டிக்கொண்டது என் பூட்டி, அப்பாவின் பாட்டி தெய்வாத்தாள். அவருடைய முதல் புருஷன் சுப்பண்ணன் அந்த ஊரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். பெரிய சண்டை வந்தபோது பட்டாளத்துக்குப் போய் பர்மாவில் செத்துப்போனார் என்கிறார்கள். பிறகு தெய்வாத்தாள் நாச்சிமுத்து என்பவரைக் கட்டிக்கொண்டு மதுக்கரைக்கு வந்துவிட்டார். நாச்சிமுத்து எந்த ஊர், என்ன கூட்டம், யாருக்கும் தெரியாது. அவர் வழிதான் நாங்கள்.

அந்த நாச்சிமுத்து வருஷம் தவறாமல் அந்தக் கோயிலுக்குப் போய், உள்ளே நுழையாமல் வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வருவாராம். "நம்ம கோயில்" என்பாராம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஜூன் 10

அப்பா சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 22, ஞாயிறு

தோழி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு நானே போனேன். ஈரோடு போய் பஸ் மாறினேன். நிற்க இடம் கிடைத்ததே பெரிது.

சுப்பண்ணன் கடை இப்போது ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட். அவருடைய தம்பியின் பேரன்தான் கிருபாசங்கர். கல்லாவில் அவரே இருந்தார். பஸ்ஸில் வரும்போது கேள்விகளை மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். "என்ன வேணும் அம்மணி?" என்று அவர் கேட்டதும் "சோப்பு" என்று சொல்லிவிட்டேன். என் தைரியம் அவ்வளவுதான்.

அவர் தலைக்கு மேல் மாலை போட்ட படம். பட்டாளத் தொப்பி. "அது எங்க பெரிய அப்பாருங்க. சண்டைக்குப் போனவரு" என்று வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

படத்தில் இருந்தது அப்பா. அப்படித்தான் இருந்தது. வலது புருவம் பாதியில் நின்றுபோகிறது, அப்பாவுக்கு நிற்பதுபோல, எனக்கு நிற்பதுபோல. சுப்பண்ணனுக்கும் எங்களுக்கும் ரத்த சம்பந்தமே கிடையாது. தெய்வாத்தாள் வழியாக அவர் முகம் எங்களுக்கு எப்படி வரும்?

ஜூலை 2

நாளெல்லாம் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுண்டரில் உட்கார்ந்து வருகிறவர்களையெல்லாம் "பேஷண்ட்டுக்கு நீங்க என்ன உறவு?" என்று கேட்கிறேன். ஒருவர்கூடத் தடுமாறுவதில்லை. பொறாமையாக இருக்கிறது.

அப்பாவிடம் படத்தைப் பற்றிச் சொன்னேன். "செத்தவங்கள எதுக்குக் கண்ணு கிளறறே" என்றார். பிறகு அவராகவே, "சுப்பண்ணனுக்கு ஒரே மக. ராசாத்தாள். அந்த ஊர்லயே கட்டிக் குடுத்தது. இன்னும் இருக்கறாங்க" என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

ராசாத்தாள் வீட்டுக்குப் போனேன். மருமகள் புவனா அக்கா காப்பி கொடுத்தார். "யாரு ஊட்டுப் புள்ள?" என்று ராசாத்தாள் கேட்டார். "மதுக்கரைங்க. தெய்வாத்தாள் வழி." அவர் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

போக வர ஒரு நாள் முழுதும் போச்சு. எதுக்கு இந்த அலைச்சல்? யாரு கேட்டா?

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பெருக்கு

இன்னொரு தடவை, இதுதான் கடைசி என்று போனேன். எல்லோரும் ஆற்றுக்குப் போயிருந்தார்கள். ராசாத்தாள் மட்டும் கட்டிலில் இருந்தார். டிவி ஓடவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவரே ஆரம்பித்தார்.

"செத்தவன் கல்யாணத்துல சோறு தின்னவ நானு, தெரியுமா?"

சுப்பண்ணன் சாகவில்லை. பட்டாளத்திலும் அவருக்கு ஸ்டோரில் அரிசி பருப்பு நிறுத்துப் போடுகிற வேலைதான். வருஷக்கணக்கில் கடிதம் இல்லை. செத்துவிட்டார் என்று யாரோ வந்து சொல்ல, வீட்டில் கருமாதி செய்துவிட்டார்கள். தெய்வாத்தாள் தாலியைக் கழற்றிவிட்டார். சண்டை முடிந்து ஒரு நாள் காலையில் சுப்பண்ணன் தன் கடை முன்னால் வந்து நிற்கிறார். கருமாதி முடிந்த ஆள் படியேறக் கூடாது, மறுபடியும் பிறந்து வந்தால்தான் உண்டு என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"கல்யாணத்துக்குச் சோறாக்கற அண்டாவுல எங்கய்யனை உக்கார வெச்சாங்க. மேல வெள்ளை வேட்டியப் போட்டு மூடி, மருத்துவச்சி தண்ணிய ஊத்தி, வெளிய தூக்குனா. கொழந்தை பொறந்திருச்சுன்னாங்க. மீசை வெச்ச கொழந்தை! நான் சிரிச்சுப்போட்டேன். எங்கம்மா கன்னத்துல ஒண்ணு வெச்சா."

நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, காதில் நாச்சிமுத்து என்று பேர் சொன்னார்கள். சாயங்காலமே தெய்வாத்தாளுக்கு மறுபடியும் தாலி கட்டினார். "பொறந்த அன்னைக்கே கல்யாணம் ஆன கொழந்தை உலகத்துலயே எங்கய்யன் ஒருத்தர்தான்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒரு கட்டுப்பாடு. அவரைப் பழைய பேரோடு சேர்த்து யாரும் பேசக் கூடாது. சொன்னால் செத்தவனைக் கூப்பிட்டதாகிவிடும். "பேரைச் சொல்லாம கதைய எப்படிச் சொல்றது? அறுத்தா, கட்டினான்னு அது மட்டும் மிஞ்சிப்போச்சு."

பேரை மாற்றியும் கடை நடக்கவில்லை. "செத்தவன் கையால மஞ்சள் வாங்குவாங்களா? உப்பு வாங்குவாங்களா? பர்மாவுல என்னென்னமோ பட்டாராமா, அதெல்லாம் தாங்கிக்கிட்டாரு. அந்த ஈயாடற கடைதான் அவருக்குத் தாங்கலை." தம்பி கல்லாவில் உட்கார்ந்த பிறகு வியாபாரம் திரும்பியது. இவர் தெய்வாத்தாளைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டே போய்விட்டார்.

"உங்களைக் கூட்டிட்டுப் போகலீங்களா?"

"என்னை எப்படிக் கூட்டிட்டுப் போறது அம்மணி? இப்பப் பொறந்த கொழந்தைக்கு எட்டு வயசுல மக இருப்பாளா?"

இதற்கு அவர் சிரிக்கவில்லை.

கமிட்டியில் வந்து இதைச் சொல்வீர்களா என்று கேட்டேன். மாட்டேன் என்றார். "என்னை வளத்து, நகை போட்டுக் கட்டிக் குடுத்தது சித்தப்பன். அண்ணன் செத்துட்டாருன்னு சொல்லித்தான் அவரு கடையும் காடு தோட்டமும் வெச்சிருந்தாரு. அவரைப் பொய்யன்னு என் வாயால சொல்லச் சொல்றியா?"

நான் என்ன சொல்ல? எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. எழுந்துவிட்டேன். வாசலில் நின்று வேறொன்று கேட்டேன். அதை இங்கே எழுதக் கை வரவில்லை. கேட்டிருக்கவே கூடாது. ஏற இறங்கப் பார்த்தார். "வாயில்லாத புள்ளைன்னுல்ல நெனச்சேன்" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, போடி என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் கடைசிக் கேள்வியைத் தவிர.

"அப்ப ஆளு ஒண்ணுதானா" என்றார். பிறகு, "நம்ம சொன்னா யாரு நம்புவாங்க கண்ணு? பொண்ணு ஊட்டுக்காரங்க கதை கட்டறாங்கம்பாங்க. உடு."

விட்டாச்சு.

ஆகஸ்ட் 14

ஒரு மாப்பிள்ளை வீடு. பெருந்துறை. அதே கேள்வி. அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வடை ஆறிப்போனது.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் அப்பாவின் போனில் கிருபாசங்கர். அப்பா ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஏனுங்க, கொடுமுடியிலிருந்து பேசறேன். ராசாத்தாள் ஆத்தா நல்லாத்தான் இருக்காங்க, பயப்படாதீங்க. நேத்து கோயில்ல எல்லாரும் இருக்கறப்ப எந்திரிச்சு நின்னுக்கிட்டு, 'நான் போனா எனக்குப் பொறந்த ஊட்டுக் கோடி மதுக்கரை மோகன்குமார்தான் கொண்டாரோணும். வேற யாரு கொண்டாந்தாலும் என்மேல போடக் கூடாது'ன்னு சொல்லிப்போட்டாங்க."

மோகன்குமார் அப்பாவின் பேர். பெண் செத்தால் மேலே போர்த்துகிற கோடிச் சேலை அவள் தகப்பன் கூட்டத்திலிருந்து வர வேண்டும். தாய் ஒன்றாக இருந்து தகப்பன் வேறு என்றால் அது செல்லாது. அது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆத்தா பழைய பேரைச் சொல்லவில்லை. சித்தப்பனைப் பொய்யன் என்று சொல்லவில்லை. வேறொன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாராம்.

"பெரியவங்க பேசி முடிச்சுட்டாங்க" என்றார் கிருபாசங்கர். குரலில் சந்தோஷம் இல்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து வரி கட்டிப்போடுங்க."

அப்பா போனை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "அவங்ககிட்ட என்ன கண்ணு கேட்டே?"

"ஒண்ணும் கேக்கலீங்கப்பா."

சொல்ல வெட்கமாக இருந்தது. உயிரோடு இருக்கிற மனுஷியிடம், அதுவும் பெருக்கு நாளில், யாராவது அப்படிக் கேட்பார்களா? செருப்பை மாட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், நிலைக் கதவைப் பார்த்துக் கேட்டேன்:

"ஆத்தா, நீங்க நூறு வருசம் இருக்கோணும். அதுக்கப்பறம்... உங்க கோடிய எங்கப்பா கொண்டாரட்டுமுங்களா?"